ஆடியில் போட்ட கேரட்டும் தையில் நட்ட காலிஃபிளவரும்

"என் பெயர் வேண்டாம், பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருத்தி என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று தொடங்குகிறது இந்த முறை வந்திருக்கும் கடிதம். ஏழு பக்கம், இரண்டு புகைப்படம், கூடவே கிழித்த விதை உறை ஒன்று. எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சிக்கு 61 வயது. 30 வருடம் சென்னையில் இருந்துவிட்டு போன சித்திரையில் கணவரோடு சொந்த ஊருக்கே வந்துவிட்டார். பெரிய வீடு, பங்காளிகள் எல்லாம் வெளியூரில். வீட்டுக்கு வடபுறம் சும்மா கிடந்த கொல்லையில் ஒரு சென்ட் அளவு இடத்தைத் திருத்தி, கண்மாய் வண்டல் இரண்டு வண்டி அடித்து, பாத்தி கட்டினார். மகள் வயிற்றுப் பேத்தி பொங்கலுக்கு வரும்போது 'ஆயா வீட்டுக் கேரட்'டைத் தானே மண்ணிலிருந்து பிடுங்க வேண்டும், அதுதான் ஆசை.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்களே என்று ஆடியில் கேரட்டும் பீட்ரூட்டும் போட்டிருக்கிறார். கேரட் பாதி முளைக்கவில்லை. முளைத்தது கோழிக்கால் மாதிரி பிரிந்து, வெளிறி, வாயில் வைத்தால் கசந்தது. பீட்ரூட் இலை மட்டும் விட்டது, அப்புறம் ஐப்பசி மழையில் பாத்தியோடு மூழ்கி அழுகிவிட்டது. ஆச்சி விடவில்லை. கார்த்திகை பத்தாம் தேதி வாக்கில் நாற்று விட்டு, தை பிறந்ததும் காலிஃபிளவரும் முட்டைக்கோஸும் நட்டார், பீன்ஸும் பட்டாணியும் ஊன்றினார். பீன்ஸ் மாசியில் பூத்துப் பூத்து உதிர்ந்தது. பட்டாணி முழங்கால் உயரம் வந்து மஞ்சளடித்துக் காய்ந்தது. முட்டைக்கோஸ் இலை விரிந்தபடியே நிற்கிறது. காலிஃபிளவரில் மயில் கொத்தியது போக மிச்சம் ஒன்பது செடி, பங்குனி பிறந்தும் இடுப்பு உயரத்துக்கு இலைதான், ஒரு பூவும் கட்டவில்லை. செலவு 7,000 ரூபாய்க்கு மேல். கணவர், "செட்டிநாட்டுச் செம்மண்ணில் ஊட்டிக் காய் வருமா, பேசாமல் கத்தரியைப் போடு" என்கிறார்.

கேள்விகள் இவை: கடைக்காரர் போலி விதை கொடுத்துவிட்டாரா, அவர் மேல் புகார் செய்யலாமா? தோட்டம் முழுக்க 50 சதவீத நிழல்வலை போட்டு, வேரில் ஐஸ்கட்டி வைத்தால் அடுத்த வருடம் வருமா? போர் தண்ணீர் உப்பாக இருப்பது காரணமா? மயிலை என்ன செய்வது? கடைசியாக, விட்டுவிடலாமா?

ஆச்சி, உங்கள் விதை போலி இல்லை. மண்ணும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. ஆடியில் போட்டது இரண்டு, மூன்று மாதம் முன்னால் போட்டது, தையில் நட்டது இரண்டரை மாதம் பின்னால் நட்டது. இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஊருக்குக் கிடைக்கிற ஒரே குளிர், அது வந்து போனபோது உங்கள் பாத்தி காலியாக இருந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் செட்டியார் சொன்னதில் பாதி சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆடிப்பட்டம் என்ற சொலவடையில் தப்பு இல்லை. அது கத்தரி, வெண்டை, அவரை, புடலை, பீர்க்கன், பூசணிக்குச் சொன்னது. அதைச் சொன்னவர்கள் கேரட்டைப் பார்த்ததே இல்லை. நம் ஆட்கள் இன்றைக்கும் 'இங்கிலீஷ் காய்' என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறார்களே, காரணத்தோடுதான். இந்தியச் சமவெளிக்குக் காலிஃபிளவர் வந்தது 1822-இல், சஹாரன்பூர்த் தோட்டத்துக்கு. உதகையில் அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை இந்தக் காய்களைப் பயிர்பண்ணிப் பார்த்ததும் கிட்டத்தட்ட அதே காலம். வயது இருநூறு வருடம் சொச்சம்தான், பழைய பட்டத்துக்குள் எப்படி அடங்கும்? உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உங்கள் ஊர் நூறு மீட்டரைக்கூடத் தொடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கு. அப்படியென்றால் ஒரே நாளில் இரண்டு ஊருக்கும் 14 டிகிரி வித்தியாசம். ஆடியில் காரைக்குடிப் பக்கம் பகல் வெயில் 36, 37 போகிறது. கேரட் நிறமும் இனிப்பும் பிடிக்க 16 முதல் 20 டிகிரி வரை கேட்கிற செடி. அது வெளிறிக் கசந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் மார்கழி, தையில் உங்கள் ஊரில் பகல் 29, 30, விடியற்காலை 20, 21 என்று இறங்குகிறது. சராசரி 25 பக்கம். உதகைக்கு இது வெயில் காலம். சில காய்களுக்கு, அதிலும் சில ரகங்களுக்கு, இது போதும். இந்த 'சில ரகம்' என்பதில்தான் ஏமாந்திருக்கிறீர்கள்.

நாம் காலிஃபிளவரில் தின்பது முழுப் பூ இல்லை. பூவாக மாறப்போகிற குருத்து, மாறாமல் திரண்டு நிற்பது. ஓரளவு வளர்ந்த செடி, 'சரி, குளிர் வந்துவிட்டது' என்று தெரிந்துகொண்டால்தான் அந்தத் திரட்சி தொடங்கும். தெரியாவிட்டால் இலைக்கு மேல் இலையாக விட்டுக்கொண்டே போகும். எவ்வளவு குளிர் என்பது ரகத்துக்கு ரகம் வேறு. நீங்கள் அனுப்பிய உறையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஸ்னோபால் வகை என்று போட்டிருக்கிறது. அது 10 முதல் 16 டிகிரியில் பூக் கட்டுகிற இனம். உங்கள் ஊரில் அந்தக் குளிர் எந்த மாதத்திலும் கிடையாது. பத்து வருடம் நிறுத்தினாலும் இலைதான். வடக்கே டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே முன்பருவ ரகங்களை எடுத்திருக்கிறது, பூசா மேக்னா, பூசா கார்த்திக் சங்கர் மாதிரி. அவை 20 முதல் 27 டிகிரிக்குள் பூக் கட்டிவிடும். உங்கள் மார்கழிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பூ சின்னதாகத்தான் இருக்கும், அரைக் கிலோவுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், கொஞ்சம் மஞ்சள் தட்டும். கடையில் கிடக்கிற பால் வெள்ளைப் பூவோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் மிஞ்சும்.

நானும் இதில் மாட்டியவன்தான். தோட்டக்கலைத் துறையில் சேர்ந்த இரண்டாவது வருடம், சமவெளி ஊர் ஒன்றில் குவார்ட்டர்ஸ் பின்னால் நாற்பது செடி நட்டு, ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் தோட்டத்தைப் பாருங்கள் என்று பெருமையாக ஆட்களைக் கூட்டிவந்து காட்டினேன். கடைசியில் எதிர்வீட்டு ஆட்டுக்குட்டிகள் நாற்பதையும் நன்றாகத் தின்றன.

விதைக் கடைக்காரர் மேல் புகார் செய்யலாமா?

உரிமை இருக்கிறது, இந்த வழக்கில் பலம் இல்லை. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி உறையில் பயிர், ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், பரிசோதித்த நாள் எல்லாம் இருக்க வேண்டும். ரகம் ஒன்று போட்டு உள்ளே வேறு இருந்தாலோ, சொன்ன அளவு முளைக்காவிட்டாலோ மாவட்ட விதை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம், அவர் விதைச்சான்றுத் துறையைச் சேர்ந்தவர். நஷ்டம் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருடத்துக்குள். ஆனால் உங்கள் உறையில் இருந்தது ஸ்னோபால், முளைத்ததும் ஸ்னோபால். "எல்லா ஊருக்கும் வரும்மா" என்று கடைக்காரர் வாயால் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதை எங்கே போய் நிரூபிப்பீர்கள்? ரசீதும் வாங்கவில்லை.

கேரட் பாதிதான் முளைத்தது என்கிறீர்கள். கேரட்டுக்குச் சான்று விதையிலேயே 60 சதவீதம் முளைத்தால் போதும் என்பதுதான் விதி, அதனால் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்பது வழக்கமான கதை. அது மெதுவாகவும் முளைக்கும், ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். அதற்குள் ஆடிக்காற்று மேல்மண்ணைக் காயவைத்திருக்கும். இனி வாங்கும்போது ரசீது கேளுங்கள். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் உறையில் எழுதியதற்கு மதிப்பு, அதைப் பாருங்கள். உறையையும் ஒரு சிட்டிகை விதையையும் அறுவடை வரைக்கும் அஞ்சறைப்பெட்டி மூலையிலாவது போட்டு வையுங்கள். அப்போதுதான் நாளைக்கு உண்மையிலேயே ஏமாற்றினால் கையில் ஏதாவது இருக்கும்.

நிழல்வலையும் ஐஸ்கட்டியும்

வேண்டாம், இரண்டுமே. நிழல்வலை வெளிச்சத்தைக் குறைக்கும், பகல் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும், இரவைக் குளிர்விக்காது. கிழங்கு பருக்கிற பயிருக்கும் பூக் கட்டுகிற பயிருக்கும் வெளிச்சம்தான் சாப்பாடு. பாதி வெளிச்சத்தை வலை தின்றுவிட்டால் நீங்கள் ஏற்கெனவே பார்த்துச் சலித்த இலைதான் மறுபடியும் வரும். மாசி, பங்குனியில் மல்லித்தழை, பாலக் கீரைக்கு மேல் 35 சதவீத வலை கட்டுங்கள், அது நியாயம். ஐஸ்கட்டி விஷயம் எந்தக் காணொளியில் பார்த்தீர்களோ தெரியவில்லை. செடி குளிரை உணர்வது குருத்தில், அதுவும் வாரக்கணக்கில். வேரில் அரை மணி நேரம் ஐஸ் வைப்பது சாமிக்கு மணியடிக்கிற மாதிரி, மனசுக்கு நிம்மதி. விதையைப் பத்து நாள் ஃபிரிட்ஜில் வைத்தீர்களாமே, அதுவும் வீண். காய்ந்த காலிஃபிளவர் விதைக்குக் குளிர் தெரியாது, செடி வளர்ந்த பிறகுதான் தெரியும்.

நிழல் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காதது. இடம் பார்த்தது சித்திரையில், 'நல்ல வெயில் விழுகிற இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முதல் பத்து நாள் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும், அதனால் வீட்டுக்கு வடபுறம் வெயில் கொளுத்தும். அப்புறம் அது தெற்கே சாயத் தொடங்கும். மார்கழி முதல் வாரத்தில் உச்சிப்பொழுதிலேயே 33 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். வீட்டுச் சுவர் 20 அடி உயரம் என்கிறீர்கள், அப்போது அதன் நிழல் நடுப்பகலில் 13 அடி வடக்கே விழும். உங்கள் முதல் பாத்தி சுவரிலிருந்து 4 அடியில் தொடங்குகிறது. அதாவது இந்தக் காய்களுக்கு வெயில் எப்போது வேண்டுமோ அப்போது அந்தப் பாத்திக்கு வெயிலே கிடையாது. புகைப்படத்தில் சுவரோரச் செடிகள் மட்டும் நெடுநெடுவென்று இழுத்துக்கொண்டு நிற்பது அதனால்தான். பாத்திகளை 14 அடிக்கு அந்தப் பக்கம் தள்ளுங்கள். சுவரோர நிழலில் கறிவேப்பிலைக் கன்று, இஞ்சி, பிரண்டை என்று வையுங்கள்.

மண்ணும் தண்ணீரும்

செட்டியார் சொன்ன பாதிக்கு வருகிறேன். செட்டிநாட்டுச் செம்மண்ணும் சரளையும் கேரட்டுக்கு இடைஞ்சல்தான், ஆனால் வெப்பத்தால் இல்லை. வேர் நேராக இறங்க ஓர் அடி ஆழத்துக்குக் கல் இல்லாத பொலபொல மண் வேண்டும். ஒரு சரளைக்கல் இடித்தாலே வேர் இரண்டாகப் பிரியும். பச்சைச் சாணம் போட்டாலும் பிரியும், நீங்கள் 'புதுச் சாணம் நிறையப் போட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள், கோழிக்கால் வந்தது இப்படித்தான். கேரட்டுக்கு ஒரு பாத்தி மட்டும் ஒதுக்கி, மண்ணை ஓர் அடி தோண்டிச் சல்லடையில் சலித்து, மட்கிப்போன, மணமே இல்லாத தொழுவுரத்தோடு கலந்து போடுங்கள். வண்டல் களி சேர்ந்தது, அதைக் கேரட் பாத்தியில் சேர்க்க வேண்டாம். கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் நல்லது. (கண்மாயில் வண்டல் எடுக்கத் தாசில்தார் அலுவலக அனுமதி வேண்டும், வண்டிக்காரர் வாங்கியிருந்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

செம்பொறை மண்ணில் இன்னொரு சங்கடம், அதிலுள்ள இரும்பு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்கு விடாது. போரானும் குறைவாக இருக்கும். அது குறைந்தால் காலிஃபிளவர்த் தண்டு உள்ளே பொந்தாகும், பூ பழுப்பேறும், பீட்ரூட் நடுவில் கருக்கும். பத்துக்கு நாலு அடிப் பாத்திக்கு 5 கிராம் போராக்ஸ் போதும், தாராள மனசு இங்கே வேண்டாம், கூடினால் அதுவே நஞ்சு. மண்ணையும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டுச் செய்வது இன்னும் நல்லது. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமோ செட்டிநாட்டில் இருக்கும் உலர்நில வேளாண் ஆராய்ச்சி நிலையமோ உங்களுக்குக் கூப்பிடு தூரம், எங்கே எப்படிக் கொடுப்பது என்று அங்கே கேளுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றிய இடத்தில் வெள்ளையாகப் படிகிறது என்கிறீர்களே, அது சின்ன விஷயம் இல்லை. இந்தக் காய்களில் உப்புக்கு முதலில் சுருள்வது பீன்ஸும் கேரட்டும். மண்ணின் உப்பு அளவு, ஆய்வகத்தில் இ.சி. என்று எழுதித் தருவார்கள், 1-ஐத் தாண்டினாலே இவை இரண்டும் பின்வாங்கும். முள்ளங்கி 1.2, கோஸ் 1.8 வரை பொறுக்கும். பீட்ரூட் 4 வரை அசையாது, அதன் மூதாதையே கடலோரச் செடிதான். ஆகவே தண்ணீர் மாற்ற வழியில்லை என்றால் உங்கள் கொல்லையின் ராஜா பீட்ரூட், கேரட் இல்லை.

ஆனால் வழி இருக்கிறது, அதுவும் உங்கள் வீட்டில். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் வந்து விழுகிற மாதிரிக் கட்டிய வீடு அது, பெரியவர்கள் அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்ததைச் சின்ன வயசில் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். ஐப்பசியில் ஒரே ராத்திரியில் அதைப்போல ஐந்து மடங்கு கொட்டும். இரண்டு ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்து நிரப்பி, மார்கழியில் கேரட், பீன்ஸ் பாத்திக்கு மட்டும் மழைத்தண்ணீர், மற்றதுக்குப் போர் தண்ணீர் என்று பிரித்து ஊற்றுங்கள். 7,000 ரூபாயை நிழல்வலையில் போடுவதற்கு இதில் போடலாம்.

மயில்

பக்கத்து வீட்டுக்காரர் அரிசியில் குருணை மருந்து கலந்து வைக்கச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பேச்சே வேண்டாம். மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது மூன்று வருடம் சிறை, 'என் தோட்டத்தை அழித்தது' என்பது பதிலாகாது. மின்வேலியும் அப்படித்தான். குன்றக்குடி மலைக்கே மயில் மலை என்று பேர் இருக்கிற சீமையில் இருந்துகொண்டு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மயிலுக்கு ருசி இளங்குருத்து மேல்தான், நட்ட முதல் மூன்று வாரம் தாண்டிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். பாத்தியைச் சுற்றிச் சவுக்குக் கம்பு ஊன்றி, நாலு அடி உயரத்தில் தடித்த நூல் வலையை மேலேயும் பக்கத்திலேயும் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மெல்லிய நரம்பு வலையோ தொய்ந்த வலையோ கூடாது, அதில் மயில் சிக்கிக்கொண்டால் திரும்பவும் அதே பிரச்சினை.

பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பேத்தி வருவது தை முதல் நாள். அதிலிருந்து திரும்பி எண்ணினால் வேலை எப்போது தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

காலிஃபிளவர், கோஸ், நூக்கல் மூன்றுக்கும் புரட்டாசி இரண்டாம் வாரம் நாற்று விடுங்கள். குழித்தட்டில், தென்னைநார்க் கழிவில், மழை நேராக அடிக்காத இடத்தில். உங்கள் வீட்டுப் பின்கட்டுத் தாழ்வாரம், வெளிச்சம் நன்றாக வந்தால் போதும், இல்லாவிட்டால் வெளியே பாலிதீன் கூரை. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்தால் நாற்றழுகல் குறையும். 25 முதல் 30 நாளில் நட்டுவிட வேண்டும். நீங்கள் போன முறை ஐம்பது நாள் நாற்றை நட்டிருக்கிறீர்கள், முற்றிய நாற்று சரியான ரகமாக இருந்தாலும் பொத்தான் அளவுக்கு ஒரு பூவைத் தள்ளிவிட்டு நின்றுவிடும். ஐப்பசி நடுவில் நடும்போது அடைமழை இருக்கும், அதனால் மேட்டுப்பாத்தி, தரையிலிருந்து முக்கால் அடியாவது உயரம். ஒன்றரை அடிக்கு ஒரு செடி. கோஸில் வெப்பம் தாங்கும் கலப்பின ரகம் என்று உறையில் போட்டதை மட்டும் வாங்குங்கள். நூக்கலில் எதை வாங்கினாலும் வரும், நட்ட ஐம்பது, அறுபது நாளில். புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் முதலில் அதைத்தான் சொல்வேன், ஏன் யாரும் நூக்கலை மதிப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கேரட்டுக்கு நாற்று கிடையாது, நேர்விதைப்பு. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு இடையில் இரண்டு நாள் வெயில் காய்கிறபோது, மணலோடு கலந்து கோடு கிழித்துத் தூவி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள், முளை தெரிந்த அன்றைக்கே சாக்கை எடுத்துவிட்டு, கனமழை வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு தென்னங்கீற்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உதகை ரகமோ நான்டிஸோ வேண்டாம், பூசா கேசர், பூசா ருதிரா மாதிரி வெப்பம் பொறுக்கிற இந்திய ரகம் கேளுங்கள். அவை ஆரஞ்சு இல்லை, சிவப்பு. பேத்தி படத்தில் பார்த்த கேரட் மாதிரி இருக்காது, இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விரல் இடைவெளிக்குக் கலைக்க மனசு வராமல் நெருக்கமாக விட்டால் எல்லாமே நூலாகத்தான் இருக்கும். தொண்ணூறு நாள் கணக்கு, பொங்கலுக்குச் சில வேர் பருத்திருக்கும், முழு அறுவடை தை நடுவில்.

பேத்தி பிடுங்க வேண்டும், அதுவும் ஏமாறாமல் பிடுங்க வேண்டும் என்றால் கார்த்திகை நடுவில் ஒரு பாத்தி முள்ளங்கி போடுங்கள். 45 நாளில் தயார், தப்பவே தப்பாது. கேரட் காலை வாரினாலும் குழந்தை கையில் ஏதோ ஒன்று மண்ணோடு வரும். பீட்ரூட்டை ஐப்பசிக் கடைசியில் ஊன்றுங்கள். ஒரு விதை என்று நாம் நினைக்கிறது உண்மையில் இரண்டு மூன்று விதை ஒட்டிய உருண்டை, அதனால் ஒரே குழியில் கொத்தாக முளைக்கும், ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிக் கூட்டுக்குப் போடுங்கள். பீன்ஸில் குத்துச்செடி வகை, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கோமல், கார்த்திகை பிறந்ததும் ஊன்றினால் மார்கழியில் பூக்கும், அப்போது உதிராது. பகல் 30-ஐத் தாண்டி ஏறினால் உதிர ஆரம்பிக்கும், மாசியில் நடந்தது அதுதான், உங்கள் கவனிப்பில் குறை இல்லை.

பட்டாணியை விட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கையும். அடுத்த வருடம் அதையும் வைக்கலாமா என்று ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். அது கிழங்கு வைக்க இரவு 20-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், உங்கள் ஊரில் நிற்காது.

பூச்சிக்கு ஒரே வரி: கோஸ் நடுவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே சுற்றி ஒரு வரிசை கடுகு தூவுங்கள், வைரமுதுகு அந்துப்பூச்சி முதலில் அதில் போய் முட்டையிடும். மிச்சத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், லிட்டருக்கு 50 கிராம் இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து, சாயங்காலம் தெளியுங்கள்.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு என் கருத்து. இடம் முழுவதும் இங்கிலீஷ் காய்க்குக் கொடுக்க வேண்டாம். பாதியைச் செட்டியாரிடம் விடுங்கள், ஆடியில் அவர் கத்தரி, அவரை போடட்டும். அவரை ஆடியில் போட்டால் கார்த்திகை முதல் தை வரை காய்க்கும், வீட்டுச் செலவுக்கு அது ஒன்றே காணும். மீதிப் பாதி உங்களுடையது, அதில் இரண்டு பாத்திக்கு மேல் முதல் வருடம் வேண்டாம். காலிஃபிளவர் பத்து நட்டால் ஆறு தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கார்த்திகையில் புயல் ஒன்று வந்தால் அதுவும் போகும். கடையில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற பூவுக்கு இவ்வளவா என்று யாராவது கேட்டால் கணக்கில் அவர்கள் சொல்வதுதான் சரி, நான் மறுக்க மாட்டேன்.

இப்போது நிற்கிற அந்த ஒன்பது செடியை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பூக்குமோ என்று இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மருந்து எதுவும் அடிக்கவில்லை என்பதால் உள் இலைகளைப் பறித்து, நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பொரியல் செய்யுங்கள், முருங்கைக்கீரைக்கும் கோஸுக்கும் நடுவில் ஒரு ருசி. வெளி இலையும் தண்டும் மட்குக் குழிக்கு. வேரோடு பிடுங்கிவிடுங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள், அந்துப்பூச்சி கோடையெல்லாம் அதிலேயே குடியிருக்கும். பிடுங்கிய இடத்தை நாலு அங்குலத்துக்கு வைக்கோல், சருகு போட்டு மூடி வையுங்கள், ஆவணிக் கடைசி வரை அங்கே வேலை இல்லை.